சாம்பல் பூசிய ஏழாம் நம்பர் மலை

மூன்று வருடங்களுக்கு முன்பு, பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளி போகும் பாதையில் இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இது நடந்தது. தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் வெட்கப்பட ஆள் இல்லை.

நான் ஓய்வுபெற்ற ராடார் பொறியியலாளர். வெளிநாட்டில் மேற்படிப்புப் படித்தேன். தூரத்தில் இருக்கும் ஒன்றைத் தவறவிடாமல் கண்டுபிடிக்கவும், கண்டுபிடித்ததை விடாமல் பின்தொடரவும் ராடார் அலையை எப்படி வடிவமைப்பது என்பதுதான் என் ஆய்வு. திரும்பி வந்து அரச சேவையில் சேர்ந்தேன். அதன் பிறகு முப்பது வருடம் வேறு யாரோ வடிவமைத்த அலைகளுக்குக் காவல் இருந்தேன். மீதி நேரத்தில் கோப்புகளுக்கு. எந்தக் கடிதம் யார் வழியாகப் போக வேண்டும், கூட்டக் குறிப்பில் எந்த வரி ஏறினால் பின்னால் யார் தப்பிக்கலாம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வுக்குப் பிறகு பதுளையில் வீட்டோடு இருந்தேன். பூச்செடி வளர்ப்பதாகச் சொல்லிக்கொண்டேன். செடிகள் ஒத்துழைக்கவில்லை.

அப்போதுதான் அந்தத் திட்டம் வந்தது. மண்சரிவு அபாயம் உள்ள தோட்டங்களில் ராடார் வைத்து மலையைக் கண்காணித்து, மண் நகரத் தொடங்கியதும் அபாயச் சங்கு ஊதி மக்களை வெளியேற்றும் திட்டம். என்னை 'உள்ளூர் ஆலோசகர்' என்று அழைத்தார்கள். என் ஆய்வுக்காக அழைத்ததாக முதலில் நினைத்தேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் இருக்கும் மக்களுக்குத் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

கருவி ஒரு வெள்ளைப் பெட்டி. சிறிய தண்டவாளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்துகொண்டே இருக்கும். பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்க மலையில் அதை வைத்தார்கள். எதிர்ப்பக்கம் ஏழாம் நம்பர் மலை. அதன் அடியில் கீழ் லயம். பெட்டி அலைகளை எதிர்மலைக்கு அனுப்பும். திரும்பி வருவதை முன்பு வந்ததோடு ஒப்பிடும். மண் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தெரிந்துவிடும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. மொட்டைப் பாறையாக இருந்தால் தெரியும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். நான் அலை, எதிரொலி என்றெல்லாம் முடிந்தவரை எளிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கீழ் லயத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்தார். கொழுந்து எடுப்பவர். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. நடக்க முடியாத மாமனாரை இவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"அந்தப் பொட்டிக்கு நாங்க இங்கன இருக்கிறது தெரியுங்களா?"

"இல்லை. மண்ணு நகர்றது மட்டும்தான் அதுக்குத் தெரியும்" என்றேன்.

"அப்ப நம்ம துரை மாதிரின்னு சொல்லுங்க. மண்ணு தெரியும், ஆளு தெரியாது."

மண்டபமே சிரித்தது. பின்னால் நின்ற உதவி நிர்வாகி சின்னதுரையும் சிரித்தார், தோட்ட நிர்வாகியான பெரியதுரையைத்தான் சொல்கிறார் என்ற நம்பிக்கையில். அன்றிலிருந்து எனக்கு லயத்தில் 'இஞ்சினியரம்மா' என்று பெயர்.

சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயின. புரட்டாசியில் ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து போட்டார்கள். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள், வெறும் குச்சிதான் மிஞ்சும். தோட்டம் தோன்றிய நாளிலிருந்து நடக்கும் வேலை. எந்த மலைக்கு எப்போது கவ்வாத்து என்பது, காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். பதுளையில் இருந்த திட்ட அலுவலகத்துக்கு மட்டும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று தோட்டத்துக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று திட்டத்துக்குத் தோன்றவில்லை.

பச்சையாக மூடிக் கிடந்த மலை திடீரென்று குச்சியாக நின்றதும் பெட்டி பதறியது. சங்கு ஊதியது. முற்பகலில், மழையில், கொழுந்துக் கூடைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் லயத்துக்கு ஓடினார்கள். அந்தப் பெண்ணும் பக்கத்துக் காம்பரா வீடுகளின் பெண்களும் மாமனாரைக் கம்பளியில் வைத்து நான்கு மூலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு, வழுக்கும் படிகளில் ஏறி, மேலே ரோட்டோரம் இருக்கும் புள்ளக் காம்பராவுக்குக் கொண்டுபோனார்கள். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் கட்டடம் அது. சங்கு ஊதினால் அதன் மேல்பக்க அறையைத் திறந்துவிட வேண்டும் என்பது திட்டத்தின் ஏற்பாடு.

ஒன்றும் சரியவில்லை. மாலையில் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் அரைப்பேர், அதாவது பாதிநாள் சம்பளம்.

சில வாரங்களில் கவ்வாத்துக் குச்சிகளில் தளிர் வந்தது. தளிர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் உயர, மலையே தன்னை நோக்கி நகர்வதாகப் பெட்டி நினைத்துக்கொண்டது. மறுபடி சங்கு. மறுபடி கம்பளி. மாமனாருக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். மூன்றாவது முறை ஊதியபோது நானும் அங்கே இருந்தேன். பெரியவரைப் படியேற்றிக்கொண்டிருந்தார்கள். கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எத்தன தடவதான் தூக்குவீங்க? ஒரே தடவையா தூக்கிருங்கடி, மேளம் வச்சு."

"சும்மா வாங்க மாமா. மேளத்துக்கு யாரு காசு குடுக்கிறது?" என்றார் மருமகள், மூச்சு வாங்கிக்கொண்டே.

சிரித்தார்கள். ஆனால் லயத்தில் பாதிப்பேர் அன்று வெளியே வரவே இல்லை.

இந்தக் கோளாறுக்கு மருந்து எனக்குத் தெரியும். கர்வத்தில் சொல்லவில்லை, படித்ததே அதைத்தான். ராடார் அலை என்பது ஒரே மாதிரியான ஒன்றல்ல. தைக்கும்போது அளவெடுப்பது போல அதையும் அளவெடுத்துச் செய்யலாம். குறுகிய அலை நுணுக்கமாகப் பார்க்கும், ஆனால் முதல் இலையிலேயே தட்டித் திரும்பிவிடும். நீளமான அலை அவ்வளவு நுணுக்கம் பார்க்காது; இலையையும் குச்சியையும் பெரிதாகப் பொருட்படுத்தாமல் மண் வரைக்கும் போகும். இரண்டையும் மாற்றி மாற்றி அனுப்பி, இரண்டும் ஒரே நகர்வைச் சொன்னால் மண். குறுகியது மட்டும் சொன்னால் தளிர். எதைத் தேடுகிறோமோ அதற்கேற்ப அலையை அமைக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி.

இன்னொரு வேடிக்கை, அந்தப் பெட்டிக்கு இரண்டு அலையும் அனுப்பத் தெரியும். நீள அலைக்கு அனுமதிப்பத்திரம் எடுக்காததால் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள்.

ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அலை எவ்வளவு நீளம், எந்த இடைவெளியில் எத்தனை, எந்த அளவைத் தாண்டினால் சங்கு என்று முழுவதும் எழுதி எடுத்துக்கொண்டு திட்டப் பொறுப்பாளரிடம் போனேன். கொழும்புத் தமிழர். கலாநிதிப் பட்டம் பெற்றவர். கெட்டவர் அல்ல, கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"மேடம், இது அருமையான டிசைன்" என்றார். "ஆனா அலைவரிசை அனுமதியைத் திருத்தணும். அதுக்கு அமைச்சு மட்டத்துல கடிதம் வேணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். யார் எழுதி, யார் பரிந்துரைத்து, யாருடைய மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்பது வரை தெரியும். நானே கடிதங்களை எழுதித் தருகிறேன் என்றேன்.

"அதுக்குள்ள காலாண்டு அறிக்கை போகணும் மேடம். பொய் எச்சரிக்கையைப் பார்த்தாங்கன்னா அடுத்த கட்டத்துக்கு நிதி வராது." திரையைத் திருப்பிக் காட்டினார். "இப்போதைக்கு இப்படிச் செய்திருக்கோம்."

திரையில் எதிர்மலை முழுவதும் வண்ணத்தில் தெரிந்தது. ஏழாம் நம்பர் மலை மட்டும் சாம்பல் நிறம். கணினி மவுஸைப் பிடித்து அந்த மலையைச் சுற்றிக் கோடு கிழித்து, இந்த எல்லைக்குள் வருவதைக் கணக்கில் எடுக்காதே என்று கருவிக்குச் சொல்லிவிட்டார்கள். பெட்டி இனி அந்த மலையைப் பார்க்கும், ஆனால் பார்த்ததைச் சொல்லாது. தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துபோகிற வேலை.

"கீழ் லயம் அதுக்கு அடியிலதானே இருக்கு?"

"தற்காலிகம்தான் மேடம்."

அரச சேவையில் 'தற்காலிகம்' என்ற சொல்லோடு நான் வாழ்ந்திருக்கிறேன். தற்காலிகக் கட்டடங்களில் மூன்று தலைமுறை ஊழியர்கள் ஓய்வு பெற்றதைப் பார்த்திருக்கிறேன். என் ஆட்சேபனையைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொன்னேன். 'ஆலோசகரின் கருத்து கவனத்திற்கொள்ளப்பட்டது' என்று பதிந்தார்கள். மக்களுக்காவது சொல்லுங்கள் என்றேன். அறிவித்தல் விடுவதென்றால் மாவட்ட மட்டத்தில் ஒப்புதல் வேண்டும், அதோடு வீணாகப் பீதியைக் கிளப்பக் கூடாது என்றார்கள்.

அதன் பிறகு உரிய எல்லோருக்கும் உரிய வழியில் எழுதினேன். பதுளை பஜாரில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருநாள் சொன்னார்: "மேடம், மலை நிக்குமோ நிக்காதோ அல்லாவுக்குத்தான் தெரியும். நீங்க இப்பிடிக் கொப்பி அடிச்சா என்ட மெஷின் நிக்காது." பதில்கள் வந்தன. தங்கள் கடிதம் கிடைத்தது என்றன.

ஒப்புதல் எனக்கு எதற்கு என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கீழ் லயத்துக்குப் போனேன். அந்தப் பெண் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். "வாங்க இஞ்சினியரம்மா" என்று பலகை எடுத்துப் போட்டார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: உங்கள் மலையைப் பெட்டி இப்போது கணக்கில் எடுப்பதில்லை. சங்கு ஊதாது. ஊதவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வாரமா சத்தமே இல்லையேன்னு சந்தோசமா இருந்தோம். மாமா நல்லாத் தூங்குறாரு. அதையும் கெடுக்க வந்தீங்களா?"

பிளந்த விறகை ஓரமாகத் தள்ளிவிட்டு மறுபடி கேட்டார்.

"அடிச்சப்பவும் பொய். இப்ப அடிக்காததும் பொய். அப்ப நாங்க எதைப் பாத்துங்க ஓடுறது?"

"மழையைப் பாத்து" என்றேன். "ரெண்டு நாள் விடாமப் பெஞ்சா மாமாவை மேலே கொண்டுபோய் வச்சிருங்க."

உள்ளேயிருந்து பெரியவர், "இஞ்சினியரம்மா, நான் வரல. எனக்கு லீவு குடுங்க" என்றார். மருமகள் சிரிக்கவில்லை. "கொண்டுபோறேன்" என்றார். சொன்னபடி செய்யவும் முயன்றார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. புள்ளக் காம்பராவின் மேல்பக்க அறையைத் திறந்துவிடச் சொல்லித் தோட்டத்து ஆபீசில் கேட்டாராம். முடியாது என்றார்களாம். நான் வீட்டிலிருந்தே சின்னதுரைக்குப் போன் செய்தேன்.

"மிஸ், எனக்கும் பாவமாத்தான் இருக்கு" என்றார் அவர். "சங்கு அடிச்சாத் தொறக்கச் சொல்லித்தான் எங்களுக்கு எழுத்துல இருக்கு. சங்கு அடிக்கலையே."

"அந்த மலைக்குச் சங்கு அடிக்காது. நிறுத்தி வச்சிருக்காங்க."

"அப்பிடின்னு எங்களுக்கு எழுத்துல வரல மிஸ்."

அவர் சொன்னது முறைப்படி சரி. சங்கு வருவதற்கு முன்பு இந்தத் தோட்டத்தில் மழை கனத்தால் கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மக்கள் மேலே போய் இருந்துகொள்வார்கள். யாரும் யாரிடமும் எழுத்து கேட்டதில்லை. சங்கு வந்த பிறகு வாசலுக்குப் பூட்டும் வந்துவிட்டது. நான் உடனே திட்டப் பொறுப்பாளரை அழைத்தேன். அவர் கொழும்பில் ஒரு கருத்தரங்கில் இருந்தார். திங்கட்கிழமை பார்ப்போம் மேடம் என்றார்.

மறுநாள் காலை, பத்து மணித் தேத்தண்ணீருக்குப் பிறகு, ஏழாம் நம்பர் மலையின் அடிப்பகுதி சரிந்தது. பெரிய சரிவு இல்லை. பத்திரிகையில் வந்ததும் சிறிய செய்திதான். லயத்தின் கடைசி மூன்று காம்பராக்களை மண் மூடியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், மற்றவர்கள் வேலையில். உள்ளே இருந்தவர் பெரியவர் ஒருவர் மட்டும்.

எனக்குத் திட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "மேடம், சனங்களோட பேச ஆள் வேணும், கொஞ்சம் வாங்க." போனேன். சிவப்புச் சேற்றில் தகரமும் பலகையும் ஒரு கம்பளி மூலையும் தெரிந்தன. பெரியவரைப் பிற்பகலில் எடுத்தார்கள்.

அந்தப் பெண் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார். கொழுந்து எடுக்கும்போது சுற்றிக்கொள்ளும் படங்குத் துணி இடுப்பில் கட்டியபடியே இருந்தது. அன்று காலைப் பெரட்டில் அவரை ராடார் இருக்கும் மலைக்கு அனுப்பியிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"பொட்டி பக்கத்துலதான் நின்னேன். ரெண்டு பேருமாத்தான் பாத்தோம். நான் கத்துனேன். அது கத்தல. அது பாட்டுக்கு இந்தப் பக்கம் போகுது, அந்தப் பக்கம் வருது."

விசாரணை அடுத்த மாதம் நடந்தது. நீண்ட மேசை, தண்ணீர்ப் போத்தல்கள், மூவர் குழு. சாட்சிகளின் தமிழைச் சிங்களத்தில் மொழிபெயர்க்க என்னையே கூப்பிட்டார்கள். வேறு வழியில் என்னை உள்ளே விட மாட்டார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

அந்தப் பெண் வந்து நின்றார். சம்பவம் நடந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று தலைவர் கேட்டார். ராடார் பக்கத்தில் என்றார். அப்போது கருவி இயங்கிக்கொண்டிருந்ததா?

"ஓடிக்கிட்டுத்தாங்க இருந்துச்சு. நல்லாத்தான் ஓடுச்சு."

மொழிபெயர்த்தேன். தலைவர் தலையை ஆட்ட, எழுத்தர் எழுதிக்கொண்டார்.

"ஆனா சங்கு அடிக்கலீங்க" என்றார் அவர்.

அதையும் மொழிபெயர்த்தேன். அது தொழில்நுட்பக் குழுவின் அறிக்கையில் வரும் விடயம் என்றார் தலைவர். நான் என் பங்குக்கு, அந்த மலை கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தது என்று சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். மொழிபெயர்ப்பாளர் சாட்சி சொல்லக் கூடாது. மிகச் சரியான விதி. பதவியில் இருந்த காலத்தில் நானே இரண்டு பேரை அதே விதியைக் காட்டி உட்கார வைத்திருக்கிறேன். உட்கார்ந்தேன். தனியாகச் சாட்சி சொல்ல மனுக் கொடுத்தேன். ஏற்கெனவே விசாரணையில் பங்கெடுத்தவர் என்ற காரணத்தால் ஏற்கவில்லை.

அறிக்கை வந்தபோது வாசித்தேன். கண்காணிப்பு எல்லைக்குள் தவறவிடப்பட்ட நகர்வு எதுவும் இல்லை என்றிருந்தது. சம்பவ நேரத்தில் கருவி சீராக இயங்கியதை, நேரில் கண்ட தோட்டத் தொழிலாளி ஒருவரே உறுதிப்படுத்தினார் என்றும் இருந்தது. அந்த ஒரு வரியின் பலத்தில் திட்டத்துக்கு இரண்டாம் கட்ட நிதி வந்தது. இப்போது வேறு தோட்டங்களிலும் வெள்ளைப் பெட்டிகள் நகர்ந்துகொண்டிருக்கின்றன. அங்கேயும் கவ்வாத்து போடுவார்கள்.

விசாரணை நடந்த அன்று வெளியே வந்ததும் அந்தப் பெண் எனக்காகக் காத்திருந்தார்.

"நான் சொன்னதுல ஏதாச்சும் பிசகுங்களா?"

"இல்லை."

"நீங்க அவங்க பாசையில சரியாத்தானே சொன்னீங்க?"

"ஒரு சொல் மாறாமச் சொன்னேன்."

தலையை ஆட்டிவிட்டு அவர் பஸ்ஸுக்கு நடந்தார். அவர் சொன்னது உண்மை, நான் மொழிபெயர்த்தது உண்மை, அறிக்கையில் ஏறியதும் உண்மை; இத்தனை உண்மைகளை ஒழுங்காக அடுக்கியே ஒரு மனிதரின் சாவை யாருடையதும் அல்லாமல் ஆக்கிவிட முடியும் என்று கண்ணால் பார்த்த பிறகு, முறைப்படி எழுதப்பட்ட எந்தக் காகிதத்தையும் என்னால் முன்போல நிம்மதியாக வாசிக்க முடிவதில்லை.